பித்தம், பேய், பெயர்: மனநோயைக் கண்டறிந்த கதை

ராஜபாளையம் என்றதும் நாயும் நூல் மில்லும் ஞாபகத்துக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாளும் பால்கோவாவும். இரண்டு ஊர்களுக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம் கூட ஆகாது. இங்கே காய்ச்சல் வந்தால் எங்கே போவது, பல் வலித்தால் எங்கே போவது, கண்ணில் புரை விழுந்தால் மதுரையில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் மனசுக்கு முடியாமல் போனால்? அதற்கான பதில் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்திருக்கிறது. கோடாங்கி வீடு, குற்றாலத்து அருவி, ஏர்வாடி தர்கா, கீழ்ப்பாக்கம், மதுரை பெரியாஸ்பத்திரி, இப்போது உள்ளூர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு என்று அந்தப் பட்டியல் நீளும்.

வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நோயாளி எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை அவருடைய நோய் முடிவு செய்யவில்லை. அந்த நோய்க்குச் சுற்றியிருந்தவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, அந்தப் பெயர்தான் முடிவு செய்தது. ‘காத்து கருப்பு அடிச்சிருச்சு’ என்றால் ஒரு திசை. ‘பித்தம் தலைக்கேறிடுச்சு’ என்றால் இன்னொரு திசை. ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்றால் வேறொரு திசை. மனிதர் என்னவோ ஒருவர்தான்!

முதலில் பித்தத்தில் இருந்து தொடங்கலாம்.

‘பைத்தியம்’ என்று நாம் சாதாரணமாகத் திட்டப் பயன்படுத்தும் சொல்லுக்குள் ஒளிந்திருப்பது பித்தம். வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் பித்தம் மிஞ்சினால் புத்தி தடுமாறும் என்பது நம் மருத்துவத்தின் பழைய கணக்கு. ஆச்சரியம் என்னவென்றால் கிரேக்கர்களும் கிட்டத்தட்ட இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். தீராத மனச்சோர்வுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மெலன்கோலியா’. அதன் நேரடிப் பொருள் கருப்புப் பித்தம். இரண்டு நாட்டுக்காரர்களும் நோயை உடம்புக்குள்ளேதான் தேடினார்கள், பேயிடம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பித்தம் என்ற விளக்கம் தப்பாகப் போயிருக்கலாம். ஆனால் தேடிய இடம் அவ்வளவு தப்பில்லை.

சித்த மருத்துவத்தில் அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் மனநோய்களை 18 வகையாகப் பிரிக்கிறது. ஒருவர் சிரிக்கிறாரா, அழுகிறாரா, ஓடுகிறாரா, பேசாமல் உட்கார்ந்தே இருக்கிறாரா என்று நடத்தையை வைத்து வகைப்படுத்தும் முறை அது. அதாவது ‘பைத்தியம்’ என்பது ஒரே நோய் அல்ல, பல நோய்கள் என்ற அறிவு இங்கே ஏற்கெனவே இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே, வத்திராயிருப்பு தாண்டி இருக்கும் சதுரகிரி மலையைச் சித்தர்கள் வாழ்ந்த மலை என்று இன்றும் அமாவாசை, பௌர்ணமிக்குக் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சித்தர்கள் பெயரில் மனநோய்க்கு என்று தனியாக ஒரு நூல் இருப்பது தெரியும் என்பது சந்தேகம்தான்.

நூல் இருந்தது, ஆனால் அதைக் கையில் வைத்திருந்த வைத்தியர் எல்லா ஊரிலும் இல்லை. எல்லா ஊரிலும் இருந்தவர் கோடாங்கி. உடுக்கை அடித்துக் குறி சொல்லி, பிடித்திருப்பது இன்னாருடைய ஆவி என்று பெயர் சொல்லி, அதை விரட்டும் வழியையும் சொல்வார். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒருவகை நோயறிதல்தான். குடும்பத்தாரிடம் கதை கேட்பது, எப்போது தொடங்கியது என்று விசாரிப்பது, கடைசியில் ஒரு பெயர் சொல்வது! பெயர் தெரிந்த உடனே வீட்டில் பாதி பயம் போய்விடும். குற்றாலத்தில் குளித்தால் பித்தம் தெளியும் என்ற நம்பிக்கையும் தென்மாவட்டங்களில் பலமாக இருந்தது. ராஜபாளையத்துக்காரர்களுக்குக் குற்றாலம் தூரமும் இல்லை.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அப்போது வெள்ளைக்காரர்களின் ‘விஞ்ஞான’ மருத்துவம் இதைவிடப் பெரிதாக என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்தால் சற்றே ஏமாற்றம்தான் மிஞ்சும்.

* * *

1794ல் வாலண்டைன் கொனோலி என்ற சர்ஜன், கம்பெனி அரசின் ஒப்புதலோடு சென்னை புரசைவாக்கத்தில் 16 பேருக்கு ஒரு காப்பகம் ஆரம்பித்தார். பிறகு அது கை மாறி, டால்டன் என்ற டாக்டரின் பெயரால் ‘டால்டன் பைத்திய ஆஸ்பத்திரி’ என்று அழைக்கப்பட்டது. 1871ல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற பெரிய இடத்துக்கு 145 நோயாளிகளோடு மாற்றப்பட்டது. இன்று ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சினிமாவில் கிண்டலடிக்கிறார்களே, அதன் ஆரம்பம் இதுதான். மதராஸ் மாகாணத்தில் இது தவிர விசாகப்பட்டினத்திலும் கோழிக்கோட்டிலும் காப்பகங்கள் இருந்தன. ஆக இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் முக்கியமான காப்பகம் என்றால் கீழ்ப்பாக்கம்தான்.

ராஜபாளையத்தில் இருந்து அது 500 கிலோமீட்டருக்கு மேல். விருதுநகர் – தென்காசி ரயில் பாதையே 1927ல்தான் வந்தது. ரயில் வருவதற்கு முன்பு ஒரு விவசாயக் குடும்பம் கட்டுக்கடங்காத மகனைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். ஆகவே அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் போலீஸ் பிடித்துக் கொண்டுபோய் விட்டவர்கள் நிறைய.

அந்தக் காலத்துக் காப்பகப் பதிவேடுகளில் நோய்ப் பெயர்கள் மிகக் கொஞ்சம். மேனியா, மெலன்கோலியா, டிமென்ஷியா, இடியட் என்று ஒரு சில பெட்டிகள். ஆட்களை ஏதோ ஒரு பெட்டியில் போட்டாக வேண்டும். அதைவிடச் சுவாரசியமான இன்னொரு காலம் அந்தப் பதிவேட்டில் இருந்தது. ‘காரணம்’ என்ற காலம்!

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் கணக்குப் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆடிட் கதை கிடைக்காது. கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும், இந்தியக் காப்பகங்கள் கஞ்சாப் பைத்தியங்களால் நிரம்பி வழிகின்றன என்று இங்கிலாந்தில் பேச்சு எழுந்தது. ஆதாரமாகக் காட்டப்பட்டவை காப்பகங்களின் ஆண்டறிக்கைப் புள்ளிவிவரங்கள். உண்மையை அறிய 1893ல் இந்திய சணல் போதைப்பொருள் கமிஷன் என்ற ஒரு குழுவை அமைத்தார்கள். அந்தக் குழு அறிக்கைகளை அப்படியே நம்பவில்லை. ஒவ்வொரு என்ட்ரிக்கும் பின்னால் இருந்த வவுச்சரைத் தேடிப் போனது.

1892ம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியக் காப்பகங்களில் சேர்க்கப்பட்டவர்கள் 1344 பேர். அதில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா வகைப் போதை என்று எழுதியிருந்தது. குழு ஒவ்வொருவருடைய ஊரிலும் விசாரிக்க ஏற்பாடு செய்தது. விசாரித்து முடித்த பிறகு கஞ்சா மட்டுமே காரணமாக இருக்கலாம் என்று தேறியவர்கள் 61 பேர். வேறு காரணங்களோடு சேர்ந்து கஞ்சாவும் காரணமாக இருக்கலாம் என்று தேறியவர்கள் 37 பேர். மொத்தம் 98. பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது!

எப்படி நடந்தது இது? ஆளைப் பிடித்து வரும் போலீஸ்காரர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டால் மேலே இருந்து கேள்வி வரும். ‘இவன் கஞ்சா குடிப்பானா?’ என்று யாரையாவது கேட்பார். ‘எப்பவாவது குடிப்பான்’ என்று பதில் வந்தால் போதும், காரணம் கஞ்சா. போலீஸ் எழுதியதை மாஜிஸ்திரேட் நகல் எடுப்பார், மாஜிஸ்திரேட் எழுதியதைக் காப்பக டாக்டர் நகல் எடுப்பார், டாக்டர் எழுதியது ஆண்டறிக்கையில் புள்ளிவிவரமாக அச்சாகும். அச்சில் வந்த பிறகு அது விஞ்ஞானம். முதல் என்ட்ரியே தப்பு என்றால் டிரையல் பேலன்ஸ் எவ்வளவு அழகாக டேலி ஆனாலும் என்ன பிரயோஜனம்?

கோடாங்கி ‘முனி அடிச்சிருக்கு’ என்றார், காப்பகம் ‘கஞ்சா’ என்றது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லவில்லை. ஆனால் 1892ல் இரண்டாவது முதலாவதை விட நம்பகமானது என்று சொல்ல முடியாது. ஒரு வித்தியாசம் உண்டு. தன் பதிவேட்டைத் தானே சோதித்து, தப்பு என்று அச்சில் ஒப்புக்கொள்ளும் பழக்கம் இரண்டாவது பக்கம் இருந்தது. அந்தப் பழக்கம்தான் பிற்காலத்தில் பெரிய மாற்றங்களைக் கொண்டு வந்தது.

* * *

அடுத்த அரை நூற்றாண்டில் ஐரோப்பாவில் பெயர்கள் தெளிவாகத் தொடங்கின. ஜெர்மனியின் கிரெப்பலின் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, வந்து வந்து போகும் மனநிலை நோய் ஒன்று, படிப்படியாகச் சிதைத்துக்கொண்டே போகும் நோய் இன்னொன்று என்று பிரித்தார். இரண்டாவதற்கு 1908ல் ப்ளூலர் வைத்த பெயர் ஸ்கிசோஃப்ரினியா. தமிழில் மனச்சிதைவு. முதலாவது இன்று இருமுனைக் கோளாறு என்றும் மனச்சோர்வு என்றும் பிரிந்திருக்கிறது.

ஆனால் பெயர் தெரிந்து என்ன பயன்? மருந்து இல்லையே. எந்தப் பெயர் வைத்தாலும் அதே அறை, அதே கம்பிக் கதவு. அந்த நிலைமை 1949ல் லித்தியமும், 1952ல் குளோர்ப்ரோமசினும் வந்த பிறகுதான் மாறியது. ஒன்று ஏற்ற இறக்க மனநிலைக்கு, மற்றொன்று மனச்சிதைவு போன்ற நோய்களுக்கு. இப்போது பெயர் தப்பானால் மருந்தும் தப்பாகும். நோயறிதலுக்கு முதல்முறையாக ஒரு விலை வந்தது என்று சொல்லலாம். (நம் நாட்டு சர்ப்பகந்தி வேரில் இருந்து எடுத்த ரெசர்பினும் 1950களில் கொஞ்ச காலம் மனநோய்க்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்பட்டது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

பெயர் எவ்வளவு தப்பாக இருந்தது என்பதும் சீக்கிரமே வெளியே வந்தது. நியூயார்க் ஆஸ்பத்திரிகளில் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதப்பட்டவர்கள் லண்டனை விட மிக அதிகம். அமெரிக்கர்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு மனச்சிதைவு? 1960களில் இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரே முறையில் நோயாளிகளைப் பேட்டி எடுத்தார்கள். ஒரே வீடியோவை இரு நாட்டு டாக்டர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். வித்தியாசம் நோயாளிகளிடம் இல்லை, டாக்டர்களிடம் இருந்தது! அட்லாண்டிக்கைத் தாண்டினால் ஒரே ஆளுக்கு வேறு நோய். இந்த அதிர்ச்சியின் விளைவாகத்தான் அறிகுறி இத்தனை இருக்க வேண்டும், இத்தனை நாள் நீடித்திருக்க வேண்டும் என்று கறாரான விதிகளோடு 1980ல் அமெரிக்கர்களின் டிஎஸ்எம்-3 கையேடு வந்தது. ஹிஸ்டீரியா என்ற பழைய பெயர் அதில் கைவிடப்பட்டது. ஓரினச்சேர்க்கையை நோய்ப் பட்டியலில் இருந்து 1973லேயே நீக்கியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அதைச் செய்ய 1990 ஆனது. பட்டியலில் இருந்த ஒன்று நோயே இல்லை என்று ஆவதும் வரலாற்றில் நடந்திருக்கிறது.

இந்தியாவின் பங்கும் இதில் உண்டு. 1960களின் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் 9 நாடுகளில் நடத்திய ஸ்கிசோஃப்ரினியா ஆய்வில் ஆக்ராவும் ஒரு மையம். பணக்கார நாட்டு நோயாளிகளை விட இந்தியா, நைஜீரியா போன்ற நாட்டு நோயாளிகள் நன்றாகத் தேறினார்கள் என்ற முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. காரணம் குடும்பமா, வேலை கிடைப்பதா, நோயின் வகையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. சென்னையில் 1981ல் முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரைத் தேர்ந்தெடுத்து 25 ஆண்டுகள் விடாமல் தொடர்ந்து கவனித்த ஆய்வும் உலகத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒன்று. 25 வருடம் ஒரே ஆட்களைத் தேடித் தேடிப் போவது லேசான காரியமா?

கீழ்ப்பாக்கத்தில் இந்த மாற்றத்தைக் கொண்டு வந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961ல் கண்காணிப்பாளர் ஆகி, பதினேழு பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். வந்தவர்களை உள்ளே அடைப்பதற்குப் பதிலாகப் பார்த்து, மருந்து கொடுத்து, வீட்டுக்கு அனுப்புவது என்ற பழக்கத்தை வலுப்படுத்தினார். ஓய்வு பெற்ற பின் 1984ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 2021 டிசம்பரில், 98 வயதில் மறைந்தார். இன்னொரு பக்கம் வேலூர் சி.எம்.சி.யில் 1957ல் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறை இருந்தது. மேல்நாடுகள் பிற்பாடு ‘குடும்ப சிகிச்சை’ என்று மாநாடு போட்டுப் பேசியது இங்கே வெகு இயல்பாக நடந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஒருவர் மட்டும் தனியாகப் போகிற வழக்கம் நம் ஊரில் ஏது?

* * *

சென்னை, வேலூர் சரி. தெற்கே?

1910ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் தாலுகாக்களை திருநெல்வேலியில் இருந்து எடுத்து அதில் சேர்த்தார்கள். 1985ல் விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை, அதாவது 75 ஆண்டுகள், ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஏர்வாடியும் ஒரே மாவட்டம்! ஒரே கலெக்டரின் கீழ் இருந்த இந்த மாவட்டத்தில் மனநோய்க்கு என்று ஊரறிந்த ஒரே இடம் ஏர்வாடி தர்காதான். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் போனார்கள். நோய் குணமாகும் உத்தரவு கனவில் வரும் என்பது நம்பிக்கை. கனவு வரும் வரை காத்திருக்க வேண்டும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்.

வேலை வெட்டியை விட்டுவிட்டுக் குடும்பம் எத்தனை நாள் கூடவே காத்திருக்கும்? அந்த இடைவெளியில்தான் ‘இல்லங்கள்’ முளைத்தன. மாதப் பணம் அனுப்பினால் போதும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஓடிப்போகாமல் இருக்கச் சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6ம் தேதி அதிகாலையில் அப்படி ஒரு கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்தில் அங்கிருந்த இதுபோன்ற இல்லங்கள் எல்லாம் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2007ல் இல்லத்தின் உரிமையாளர் உள்ளிட்டோருக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த நேரத்தில் பத்திரிகைகள் பெரும்பாலும் மூடநம்பிக்கை மீதுதான் பாய்ந்தன. அது பாதி நியாயம்தான். அடுத்த ஆண்டே, 2002ல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. வேலாயுதம்பாளையம்புதூர் என்ற தமிழ்நாட்டுக் கிராமத்தில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்திருந்தார்கள். அவர்களில் 23 பேருக்கு இருந்தது மனச்சிதைவு. சராசரியாக 6 வாரம் குடும்பத்தோடு தங்கியிருந்து, கோயில் வேலைகள் செய்து, பூஜையில் கலந்துகொண்டார்கள். மருந்து கிடையாது. கிளம்பும்போது நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. இதை வைத்துக் கோயிலே போதும் என்று சொல்வது அபத்தம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவே அந்த ஆய்வில் இல்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. ஏர்வாடியில் 28 பேரைக் கொன்றது பிரார்த்தனை அல்ல. பிரார்த்தனையின் பக்கத்தில் கடை போட்ட வியாபாரமும், சங்கிலியும், நூறு வருடமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத அரசும்தான்.

பிற்பாடு அரசே இதைப் புரிந்துகொண்டு ஏர்வாடியில் பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்த திட்டத்தைக் கொண்டு வந்தது. துவா ஓதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே டாக்டர் உட்கார்ந்திருப்பார். ‘பேய் இல்லை’ என்று குடும்பத்தாரோடு வாதாடிக்கொண்டிருக்காமல் ‘அதையும் செய்யுங்க, இதையும் சாப்பிடுங்க’ என்று சொல்கிற வழி. கேட்பதற்குச் சமரசம் மாதிரி இருக்கும். ஆனால் மாத்திரை உள்ளே போகிறதல்லவா?

* * *

சாமியாடுவது நோயா என்ற கேள்வி இங்கே கட்டாயம் வரும். இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளிக்கு அருள் வந்து ஆடுகிறவர்களை எல்லாம் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டுமா? தேவையே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இதற்கென்று தனி இடம் இருக்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள ஐசிடி-11ல் ‘ஆவேச நிலைக் கோளாறு’ என்று சொல்லலாம் என்கிற மாதிரி ஒரு வகை உண்டு. ஆனால் அந்த ஊர்ப் பண்பாடும் மதமும் ஏற்றுக்கொண்ட வழக்கமாக இருந்தால் அது கோளாறு அல்ல என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கோயில் கொட்டு நின்றதும் இறங்கி, திருநீறு பூசி, சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு நோய் இல்லை. கொட்டே இல்லாமல் நடு ராத்திரியில் திரும்பத் திரும்ப வந்து, அவரையே வதைத்து, வேலையும் குடும்பமும் கெட்டால் அப்போது பார்க்க வேண்டும்.

இந்த ‘வேலையும் குடும்பமும் கெட்டால்’ என்பதுதான் இன்றைய நோயறிதலின் முதுகெலும்பு. மனச்சோர்வைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. தைராய்டு, வைட்டமின் பி12 என்று டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்வது வேறு உடல் நோய் இதே மாதிரி வேஷம் போடுகிறதா என்று பார்க்க. மற்றபடி கேள்விகள்தான். குறைந்தது 2 வாரமாக, பெரும்பாலான நாட்களில், மனசு சரியில்லாமல் இருக்கிறதா அல்லது எதிலும் பிடிப்பு இல்லாமல் இருக்கிறதா? தூக்கம், பசி, அசதி, கவனம், குற்ற உணர்ச்சி, சாகலாம் என்ற எண்ணம்? பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண். மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் டாக்டர் இன்னும் ஆழமாக விசாரிப்பார். அந்தத் தாள் நோயைச் சொல்வதில்லை, சந்தேகத்தைத்தான் சொல்கிறது. இணையத்தில் அதை நிரப்பிப் பார்த்துவிட்டு ‘எனக்கு டிப்ரஷன்’ என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். மில்லில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிற ஒரு அக்காவிடம் ‘மனசு எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘மனசுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு’ என்பார். ஆனால் ஆறு மாதமாகத் தலைவலி, உடம்பெல்லாம் குத்தல், நெஞ்சு படபடப்பு, தூக்கமே இல்லை என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார். மனச்சோர்வும் பதற்ற நோயும் நம்மிடம் பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் பேசும். அதைக் கேட்கத் தெரியாத டாக்டர் வலி மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். நிம்ஹான்ஸ் 2015–16ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது தெரிந்தது. சிகிச்சை கிடைக்காதவர்களின் அளவு கோளாறைப் பொறுத்து 70ல் இருந்து 92 சதவீதம் வரை. இது ஏர்வாடிக்குப் போன கூட்டம் அல்ல. எங்கேயுமே போகாத கூட்டம்.

ஏர்வாடிக்கு முன்பே சில நல்ல காரியங்கள் தொடங்கியிருந்தன. மதுரையில் 1992ல் டாக்டர் ராமசுப்ரமணியன் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை அதில் ஒன்று. டாக்டரை ஊருக்கு அனுப்பும் மாவட்ட மனநலத் திட்டம் கர்நாடகத்தின் பெல்லாரியில் 1980களில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 1996ல் தேசிய அளவில் வந்து, 1997ல் திருச்சி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது. இன்று விருதுநகர் உட்பட எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருவதுதான் இதன் அடிப்படை. விருதுநகரில் 2022ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இலவச தொலைபேசி சேவை தொடங்கியது. தமிழிலேயே பேசலாம். 500 கிலோமீட்டர் ஒரு நூறு ஆண்டுகளில் ஒரு போன் கால் ஆகிவிட்டது.

சட்டமும் இதே பாதையில்தான் மெதுவாக நகர்ந்திருக்கிறது. 1912ம் ஆண்டு லுனசி சட்டத்தில் ஒருவரைக் காப்பகத்தில் அடைக்க இரண்டு டாக்டர் சான்றிதழும் மாஜிஸ்திரேட் உத்தரவும் வேண்டும். 1987 சட்டத்தில் ‘லுனடிக்’ என்ற சொல் போனது, மாஜிஸ்திரேட் போகவில்லை. 2018 மே மாதம் அமலுக்கு வந்த 2017ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை முழுக்கத் தடை செய்தது. மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்ச்சி கொடுப்பதையும் தடை செய்தது. மற்ற நோய்களுக்கு உள்ளது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்றது. அதன் மூன்றாவது பிரிவுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று தீர்மானிக்க உலகம் ஒப்புக்கொண்ட மருத்துவ அளவுகோல்தான் அடிப்படை. ஊர் வழக்கத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஒத்துப் போகவில்லை என்பதாலோ, சாதி, அரசியல், வசதி போன்ற காரணங்களாலோ யாரையும் மனநோயாளி என்று சொல்லக்கூடாது. முன்பு ஒருமுறை சிகிச்சை எடுத்தார் என்பது மட்டும் இப்போது நோய் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் ஆகாது.

கடைசியாகச் சொன்னது ஏன் முக்கியம் என்பது சொத்துத் தகராறு பார்த்தவர்களுக்குத் தெரியும். விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பாகப்பிரிவினை வழக்கில் ‘அண்ணன் சித்த சுவாதீனம் இல்லாதவர், அவர் போட்ட கையெழுத்து செல்லாது’ என்று வாதிடுவது எந்தக் கோர்ட்டுக்கும் புதிதல்ல. ஐந்து வருடத்துக்கு முன் கீழ்ப்பாக்கத்திலோ மதுரையிலோ வாங்கிய ஓபி சீட்டு ஒன்று போதும், ஒரு மனுஷனின் வயல் கை மாறிவிடும்.

பி.காம். படிக்கிறவர்கள் எல்லோரும் மெர்க்கன்டைல் லா பேப்பரில் இதைத் தாண்டித்தான் வருகிறார்கள். 1872ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 12வது பிரிவு. எப்போதும் புத்தி தெளிவில்லாமல் இருந்து, எப்போதாவது தெளிகிறவர், தெளிந்திருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம். ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு, தன் நலனுக்கு அது எப்படி என்று எடைபோட முடிகிறதா என்பதுதான் சோதனை, நோயின் பெயர் அல்ல. கீழ்ப்பாக்கத்துக்குக் காப்பகம் மாறிய மறு வருடம் எழுதிய சட்டம் இது. அந்தப் பிரிவின் கீழ் கொடுத்திருக்கும் முதல் உதாரணத்தில் ‘லுனடிக் அசைலம்’ என்ற சொல் இன்றைக்கும் அப்படியேதான் அச்சாகிறது. தேர்வுக்கு நோட்ஸ் எடுப்பவர்கள் அதையும் சேர்த்தே எழுதிக்கொள்கிறார்கள்.